திங்கட்கிழமைச் சோறு

திருவழிபாட்டு ஆண்டின் மூன்று சுழற்சிகளிலும் அப்பம் பலுகிய நிகழ்ச்சி தவறாமல் வாசிக்கப்படுகிறது. முதலாம் ஆண்டில் மத்தேயுவும், இரண்டாம் ஆண்டில் யோவானும், மூன்றாம் ஆண்டில் கிறிஸ்துவின் திருவுடல் திருஇரத்தப் பெருவிழாவன்று லூக்காவும் அதனை நமக்கு எடுத்துரைக்கின்றனர். மறையுரை ஆற்றும் நாமும் ஐந்து அப்பங்களைப் பற்றிப் பேசுகிறோம். இரண்டு மீன்களைப் பற்றிப் பேசுகிறோம். அவற்றை வைத்திருந்த சிறுவனைப் பற்றிப் பேசுகிறோம். அனைவரும் வயிறார உண்டனர் என்னும் இடத்தில் மறையுரை பெரும்பாலும் நிறைவு பெற்றுவிடுகிறது. மீந்த பன்னிரண்டு கூடைகள், வல்ல செயலின் அளவைக் காட்டும் ஒரு கணக்காக மட்டும் கடைசி வரியில் நின்றுவிடுகின்றன.

அந்தப் பன்னிரண்டு கூடைகள் பின்னர் என்ன ஆயின? அவற்றைச் சுமந்து சென்றவர் யார்? மறுநாள் காலையில் அவற்றை உண்டவர் யார்? நற்செய்தி இதற்கு விடை கூறவில்லை. ஆனால் வீட்டில் அடுப்பை ஆளும் தாய்மார் ஒவ்வொருவரும் இக்கேள்வியை நன்கு அறிவர். விருந்து முடிந்து, விருந்தினர் விடைபெற்று, பாத்திரங்கள் கழுவப்படும் வேளையில் அவர்கள் மனத்தில் எழும் கேள்வி இதுவே. ஞாயிற்றுக்கிழமை எத்துணைச் சிறப்பாக அமைந்தாலும் அதன் பின்னால் ஒரு திங்கட்கிழமை வந்தே தீரும். அந்தத் திங்கட்கிழமைச் சோற்றைப் பற்றி இங்கே சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

பங்கு இல்லத்திற்கு மிச்சம் புதிதன்று. ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பின், திருமுழுக்கு, முதல் நற்கருணை, நிச்சயதார்த்தம், முப்பதாம் நாள் நினைவு என ஏதேனும் ஒரு காரணத்தை முன்னிட்டு ஒரு குடும்பத்தார் தூக்குச்சட்டியுடன் வந்து நிற்பர். சாமிக்கு என்று அவர்கள் கொண்டுவரும் அன்பு, ஒருவர் உண்ணும் அளவிற்குள் ஒருபோதும் அடங்குவதில்லை. ஆட்டிறைச்சிச் சுக்காவும், கோழி வறுவலும், பீன்ஸ் பொரியலும், பெரிய கிண்ணம் நிறைய வெள்ளைச் சோறும் சேர்ந்துவிடும். நம் இல்லத்தில் சமைக்கும் அம்மா ஞாயிறு மதியம் தம் வீட்டிற்குச் சென்றால் செவ்வாய் காலையில்தான் திரும்புவார். உழைப்பவருக்கு ஓய்வு வேண்டும் என்று பிறருக்குப் போதிக்கும் நாம், அதை நம் அடுப்படியிலும் கடைப்பிடிக்க வேண்டுமல்லவா? எனவே திங்கள் இரவு அடுப்படி நம் பொறுப்பு. அன்று நாம் சமைப்பது ஒன்றே ஒன்றுதான். அதனை ஊரார் 'ஃபிரைடு ரைஸ்' என்கின்றனர்.

இப்பெயரைக் கேட்டதும், மாலை வேளைகளில் தள்ளுவண்டிக் கடைகளில் எழும் தீச்சுவாலையும், வாணலியில் கரண்டி மோதும் ஓசையும் நம் இளைஞர்களின் நினைவிற்கு வரும். ஆயினும் இவ்வுணவின் வேர், வீட்டில் மிஞ்சிய சோற்றில் இருக்கிறது. சீன நாட்டில் இது யாங்சோ நகரின் பெயரால் புகழ்பெற்று விளங்குகிறது. இந்தோனேசிய மக்கள் இதனை 'நாசி கோரெங்' என்று அழைக்கின்றனர். 'நாசி' என்றால் சோறு, 'கோரெங்' என்றால் பொரித்தது. முந்திய இரவின் சோற்றைப் பூண்டும் மிளகாயும் இட்டு வறுத்துக் காலையுணவாக உண்பது அங்கே பல வீடுகளின் வழக்கம். தமிழகத்து இல்லங்களுக்கும் இந்த ஞானம் அந்நியமன்று. மிஞ்சிய சோற்றில் நீரூற்றிப் பழைய சோறாக்கினோம். பிசைந்து வெயிலில் காயவைத்து வற்றலாக்கினோம். விருந்தில் எஞ்சிய குழம்பைச் சுண்டவைத்துச் சுண்டக்கறியாக்கினோம். அரிசியை உண்டு வாழும் மக்கள் எந்நாட்டில் பிறந்திருந்தாலும், அடுப்படியில் ஒரே மறைக்கல்வியைப் பயின்றிருக்கின்றனர்.

செய்முறையைச் சற்று விரிவாகவே கூறுகிறோம். நாம் கற்ற பாடங்கள் அதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

முதலாவது, இவ்வுணவிற்கு அன்று வடித்த சோறு ஏற்றதன்று. சுடுசோற்றில் ஈரம் மிகுதி. வாணலியில் இட்டவுடன் ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்துவிடும். முந்திய நாள் வடித்து, ஆறவைத்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்த சோற்றிலோ மேற்பரப்பின் ஈரம் வற்றியிருக்கும். அரிசியின் மாவுப்பொருள் குளிர்ச்சியில் இறுகியிருக்கும். கைவிரல்களால் மெல்ல உதிர்த்தால் பருக்கை பருக்கையாகப் பிரிந்து வரும். வேறெந்தச் சமையலிலும் குறையாக எண்ணப்படும் பழமை, இங்கே தேவையான தகுதியாகிவிடுகிறது.

இரண்டாவது, மிச்சங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடலாகாது. இறைச்சியில் எலும்பை நீக்கி, மசாலாவை ஓரளவு வழித்துவிட்டு, சிறு துண்டுகளாகப் பிய்த்து வைக்கிறோம். நேற்றைய பொரியல் ஏற்கெனவே வெந்தது. அது கடைசியில்தான் சேர வேண்டும். கூடையின் அடியில் கிடக்கும் அரை காரட்டும், கால் பங்கு முட்டைக்கோசும், ஒரு வெங்காயமும் வேகாதவை; அவற்றைப் பொடியாக நறுக்கி முதலில் இட வேண்டும். நேற்றே தீயைக் கண்டதற்கும் இன்னும் தீயைக் காணாததற்கும் ஒரே அளவு வெப்பம் தருவது நீதியாகாது.

மூன்றாவது, இரும்பு வாணலி நன்கு காய வேண்டும். தீ பெரிதாக இருக்க வேண்டும். அளவு சிறிதாக இருக்க வேண்டும். இரண்டு பேருக்குரிய சோற்றை ஒரு முறையில் வறுக்கலாம். நான்கு பேருக்குரியதை அவசரத்தில் ஒன்றாக அள்ளிப்போட்டால், அது வறுபடாமல் தன் ஆவியிலேயே வெந்து களியாகிவிடும். எண்ணெய் காய்ந்ததும் பூண்டும் வெங்காயமும், பின்னர் காய்கறியும், அதன் பின்னர் இறைச்சியும் இட்டு, இறைச்சியில் ஆவி பறக்கும் வரை வதக்குகிறோம். அவற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஒரு முட்டையை அடித்து ஊற்றிக் கிளறி, அதன்மேல் சோற்றைச் சேர்த்துப் புரட்டுகிறோம். சிறிது மிளகுத்தூளும், ஒரு தேக்கரண்டி சோயா சாசும் போதும்.

நான்காவது, உப்பு. இறைச்சியில் உப்பு உண்டு, பொரியலில் உப்பு உண்டு, சோயா சாசிலும் உப்பு உண்டு. எனவே சுவைத்துப் பார்ப்பதற்கு முன் உப்புப் பெட்டியைத் தொடலாகாது. பங்குப் பணியிலும் இது பொருந்தும் என்றே எண்ணுகிறோம். நம்மிடம் வருபவர் எவரும் வெறுமையாக வருவதில்லை. தம் வாழ்வின் உப்போடுதான் வருகின்றனர். அதை முதலில் அறிந்துகொள்வது நல்லது.

மிச்சத்தைக் காப்பதற்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. 1970களில் இங்கிலாந்து நாட்டில், உணவகங்களில் பொரித்த சோற்றை உண்டவர்கள் வாந்தியெடுத்து நோயுற்ற நிகழ்ச்சிகளை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். 'பேசில்லஸ் சீரியஸ்' என்னும் நுண்ணுயிரே அதற்குக் காரணம் எனக் கண்டனர். அதன் வித்துகள் அரிசி கொதிக்கும்போது அழிவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும்; அந்த நஞ்சு மீண்டும் வறுத்தாலும் அழியாது. நம்மைப் போன்ற வெப்ப நாட்டினர் இதனை மனத்தில் கொள்ள வேண்டும். மிஞ்சிய சோற்றை அகன்ற தட்டில் பரப்பி விரைவில் ஆறவைத்து, ஓரிரு மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். மறுநாளே எடுத்து, ஒரே முறை சூடேற்றி, உண்டு முடித்துவிட வேண்டும். சிக்கனம் என்னும் பெயரால் கெட்டுப்போனதை உண்பதும், உண்ணக் கொடுப்பதும் அறமாகா.

திருநூலும் இவ்வொழுக்கத்தை அறியும். பாலைநிலத்தில் பொழிந்த மன்னாவை அன்றன்று வேண்டிய அளவே சேர்க்க வேண்டும் என்பது கட்டளை. அதை மீறி மறுநாளுக்கென்று சிலர் எடுத்துவைத்தது புழுத்து நாற்றமெடுத்தது என்று விடுதலைப் பயண நூலின் 16ஆம் அதிகாரம் கூறுகிறது. லேவியர் நூலின் 7ஆம் அதிகாரமோ, நன்றிப் பலியின் இறைச்சியை அன்றே உண்டு முடிக்க வேண்டும் என்கிறது. ஒரு விலங்கின் இறைச்சி முழுவதையும் ஒரு குடும்பம் ஒரே நாளில் எவ்வாறு உண்ண முடியும்? அயலாரை அழைத்தே ஆக வேண்டும். சேமிக்கத் தடை என்பது பகிர்வதற்கு அழைப்பாகிவிடுகிறது.

மன்னாவைச் சேர்த்துவைக்க வேண்டாம் என்ற அதே இறைவன், அப்பத் துண்டுகளை மட்டும் சேர்த்துவைக்கச் சொல்வானேன்? மன்னாவைப் பதுக்கியவர், நாளையும் இறைவன் தருவார் என்பதை நம்பாமல் தத்தம் கூடாரத்திற்குள் தமக்காகப் பதுக்கினர். அப்பத் துண்டுகளைச் சீடர்கள் ஆண்டவரின் சொற்கேட்டு, எல்லாருடைய கண்முன்னும் எடுத்துச் சேர்த்தனர். நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியும் அவ்வாறே. அது லூக்கா நற்செய்தியில் வரும் அறிவற்ற செல்வனின் களஞ்சியமாகவும் இருக்கலாம். சீடர்களின் கூடையாகவும் இருக்கலாம். யாருக்காக வைக்கிறோம் என்பதே அதனைத் தீர்மானிக்கிறது.

குருமடத்தில் நாம் கிரேக்க மொழி பயின்ற நாள்களில் கண்டு வியந்த ஒன்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம். மீந்த துண்டுகள் கூடைகளை நிறைத்தன என்று நற்செய்தியாளர் நால்வரும் எழுதுகின்றனர். ஆனால், துண்டுகளைச் சேர்க்குமாறு இயேசுவே கட்டளையிட்டார் என்று எழுதுபவர் யோவான் ஒருவரே. ஒன்றும் வீணாகாதிருக்க வேண்டும் என்பது அக்கட்டளைக்கு ஆண்டவர் தரும் காரணம். யோவான் அங்கே கையாளும் கிரேக்க வினைச்சொல்லுக்கு வீணாதல், இழத்தல், அழிதல் என்னும் பொருள்கள் உண்டு. அதே 6ஆம் அதிகாரத்தில், மறுநாள் மக்கள் ஆண்டவரைத் தேடிக் கப்பர்நாகுமுக்கு வருகின்றனர். அங்கே அவர் தந்தையின் திருவுளத்தைப் பற்றிப் பேசும்போது, தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட எவரையும் தாம் இழந்துவிடலாகாது என்கிறார். அங்கும் அதே வினைச்சொல்! முந்திய நாள் மாலை வாற்கோதுமை அப்பத் துண்டுகளைக் குறித்துச் சொன்ன சொல்லை, மறுநாள் மனிதரைக் குறித்துச் சொல்கிறார். சீடர்கள் அன்று கூடைகளோடு குனிந்து துண்டுகளைப் பொறுக்கியபோது, பின்னாளில் மனிதரைச் சேர்க்கும் பணிக்கும் கைகள் பழகிக்கொண்டிருந்தன என்றே நாம் எண்ணுகிறோம்.

இந்த ஒற்றுமையை மறந்த உலகில் இரண்டும் சேர்ந்தே வீணாகின்றன. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. உணவகங்களையும் கடைகளையும் குறைகூறும் நம் நாவு, இவ்வெண்ணைக் கண்டு சற்று அடங்க வேண்டும். வீணாக்கப்படும் உணவு ஏழைகளின் மேசையிலிருந்து திருடப்பட்டதற்கு ஒப்பாகும் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள் மறைக்கல்வி உரையில் எச்சரித்தார். அதே ஆண்டு வெளியிட்ட 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்னும் திருத்தூது ஊக்க உரையில், சமூகத்தினின்று ஒதுக்கப்பட்டோர் மிச்சங்களாகவே நடத்தப்படுகின்றனர் என்று அவர் வருந்தினார். உணவிற்கும் மனிதருக்கும் ஒரே சொல் மீண்டும் வந்து பொருந்துகிறது.

தமிழில் எச்சில் வேறு, மிச்சம் வேறு. ஒருவர் இலையில் உண்டு விட்டது எச்சில். சட்டியில் எஞ்சியது மிச்சம். ஆயினும், மிச்சத்தையே எச்சிலைப் போல் கொடுக்கும் ஒரு பழக்கத்தை நம் சமூகம் நெடுங்காலம் வளர்த்து வந்திருக்கிறது. இதனை நாம் நூல்களில் படித்திருந்தோம். ஆயினும் ஒரு திங்கள் இரவில்தான் அதன் சூட்டை அருகிலிருந்து உணர்ந்தோம்.

ஆலயத்தைப் பெருக்கித் தூய்மை செய்யும் மூதாட்டி ஒருவர் சாவியைக் கொடுக்க அன்று இல்லத்திற்கு வந்தார். வாணலி அடுப்பில் இருந்தது. உண்டு செல்லுமாறு வேண்டினோம். அவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டு கேட்டார்:

"சாமி, இது நேத்து மிஞ்சுனதா?"

ஆம் என்றோம்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. மிஞ்சுனத நான் யாருகிட்டயும் வாங்குறதில்ல."

பின்பு அவரே காரணத்தையும் கூறினார். அவருடைய தாயார் ஒரு பெரிய வீட்டில் வேலை செய்தாராம். நாள்தோறும் காலையில், அவ்வீட்டுப் பிள்ளைகள் வேண்டாமென்று ஒதுக்கியதைக் கொல்லைப்புறத்தில் வைத்துக் கொடுப்பார்களாம். பாத்திரத்தோடு பாத்திரம் பட்டுவிடாதபடி மேலிருந்து ஊற்றுவார்களாம். தாயாரின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுமியாகிய இவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

"எங்க அம்மா எங்களுக்காக வாங்குனாங்க சாமி. நான் வாங்க மாட்டேன்னு அப்பவே நெனச்சுக்கிட்டேன்."

அதற்கு மறுமொழியாக இறையியல் எதுவும் நமக்குத் தோன்றவில்லை. மேசையில் இரண்டு தட்டுகளை வைத்தோம். ஒரே வாணலியிலிருந்து இரண்டிலும் ஒரே அளவாகப் பரிமாறினோம். ஒரு நாற்காலியை அவருக்கென இழுத்துப் போட்டுவிட்டு மற்றொன்றில் நாம் அமர்ந்தோம்.

"சாமியும் இதத்தான் சாப்பிடப் போறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா பாட்டி" என்றோம்.

அவர் சற்று நேரம் இரண்டு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கைகளைக் கழுவிக்கொண்டு வந்து, சிலுவை அடையாளம் வரைந்து அமர்ந்தார். முழுவதையும் உண்டார். எழுந்தபோது, "அடுத்த தடவ கறிவேப்பில போடுங்க சாமி, இதுல வாசனையே இல்ல" என்றார். குறை சொல்லும் உரிமை விருந்தாளிக்கே உண்டு. பிச்சை பெறுபவருக்கு இல்லை. அவர் அந்த உரிமையை எடுத்துக்கொண்டது நமக்கு நிறைவளித்தது.

கொரிந்து நகரத் திருச்சபைக்குத் திருத்தூதர் பவுல் எழுதிய முதல் திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தை அவ்விரவில் மீண்டும் படித்தோம். ஆண்டவரின் திருவிருந்திற்கென்று கூடிய இடத்தில் சிலர் முந்திக்கொண்டு உண்டனர். சிலர் பசியோடு இருந்தனர். இல்லாதவரை வெட்கத்திற்கு உள்ளாக்குகிறீர்கள் என்பதே பவுலின் சினத்திற்குக் காரணம். கொடுக்கப்படும் உணவு பசியை ஆற்றுகிறதா என்பது ஒரு கேள்வி. அது பெறுபவரை வெட்கப்படுத்துகிறதா என்பது அதனினும் பெரிய கேள்வி.

அப்படியானால் பசித்தவருக்கு மிச்சத்தைக் கொடுக்கலாகாதா? அப்பம் பலுகிய நிகழ்ச்சியை ஊன்றிப் படித்தால், அங்கே மக்கள் கூட்டத்திற்கு மிச்சம் கொடுக்கப்படவில்லை என்பது விளங்கும். அவர்களைப் புல்தரையில் அமரச்செய்து முதலில் பரிமாறினர். அனைவரும் உண்டு முடித்த பின்னரே கூடைகள் வந்தன. அந்தக் கூடைகளைச் சுமந்தவர்கள் சீடர்கள். மக்களுக்கு விருந்து, சீடர்களுக்கு மிச்சம். இந்த வரிசையைத்தான் நாம் தலைகீழாக்கிவிட்டோம்.

நம் வள்ளுவரும் இதே வரிசையை அறிந்திருந்தார். விருந்தோம்பல் அதிகாரத்தில், விருந்தினரை முதலில் உண்பித்துவிட்டு எஞ்சியதைத் தான் உண்பவனை அவர் போற்றுகிறார்; அத்தகையவனின் நிலத்திற்கு விதைக்கவும் வேண்டுமோ என வியக்கிறார். அவர் கையாளும் 'மிச்சில்' என்னும் சொல் அங்கே வீட்டுத் தலைவனின் உணவைக் குறிக்கிறது. கொல்லைப்புறத்தில் காத்துநிற்பவரின் உணவை அது குறிக்கவில்லை.

பழைய ஏற்பாட்டுச் சட்டமும் அவ்வாறே. அறுவடை செய்யும்போது வயலின் ஓரங்களை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியர் நூலின் 19ஆம் அதிகாரம் பணிக்கிறது. அறுத்துக் களஞ்சியத்தில் சேர்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, எஞ்சியதை அள்ளிக்கொடு என்று அச்சட்டம் கூறவில்லை. அறுவடை தொடங்கும்போதே அவர்கள் பங்கு ஒதுக்கப்பட்டாயிற்று. அச்சட்டத்தின் நிழலில்தான் கைம்பெண்ணாகிய ரூத்து, போவாசின் வயலுக்குக் கதிர் பொறுக்க வந்தார். போவாசு அவரை அழைத்து, அறுவடை செய்வோரோடு அமரச்செய்து, வறுத்த தானியத்தைத் தம் கையாலேயே கொடுத்தார். ரூத்து வயிறார உண்டார், மீதியும் வைத்திருந்தார். மாலையில் அந்த மீதியை வீட்டிலிருந்த மாமியார் நகோமியிடம் கொடுத்தார். வேலையாட்களோடு சமமாக அமர்ந்து பெற்ற உணவு அது. எனவே அதன் மீதியிலும் இழிவில்லை. அதில் இருந்தது, பந்திக்கு வர இயலாத ஒருவரைப் பற்றிய நினைவு மட்டுமே.

பந்திக்கு வர இயலாதவரை நினைப்பது திருச்சபையின் தொன்மையான வழக்கம். மறைசாட்சியான புனித ஜஸ்டின், ஏறத்தாழக் கி.பி. 155இல் உரோமைப் பேரரசருக்கு எழுதிய தம் விளக்கவுரையில் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கிறார். கூடியிருந்தோர்க்கு நற்கருணை பகிர்ந்தளிக்கப்பட்டபின், வர இயலாதோரிடம் திருத்தொண்டர்கள் அதனைக் கொண்டு சென்றனர் என்று அவர் குறிப்பிடுகிறார். நற்கருணைப் பேழையும், நோயாளருக்கும் வர இயலாதோர்க்கும் திருப்பலிக்கு வெளியே கொண்டு செல்வதற்காக நற்கருணையைத் தகுந்த முறையில் காத்துவைக்கவே முதலில் ஏற்பட்டது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் (1379) கற்பிக்கிறது. நாம் முழந்தாளிட்டு வணங்கும் அப்பேழை, வராதவர்களின் பங்கைக் காத்துவைக்கும் இடமாகத் தொடங்கியது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? வராதவருக்குச் செல்வதும் பீடத்தின் அதே அப்பமே. அதில் குறைந்தது, கூடியது என்பது இல்லை.

திருப்பலியில் நற்கருணை வழங்கியபின் தட்டில் ஒட்டிய சிறு துணுக்கையும் திரட்டி உட்கொள்பவர் குருவே. திருக்கலங்களைத் தூய்மை செய்வதும் அவரது கடமையே. துறவு மடத்தின் பொருள்களையும் பாத்திரங்களையும் பீடத்தின் திருக்கலங்களைப் போல் பேணுமாறு, 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் ஒழுங்கு நூலில் மடத்தின் பொருட்காப்பாளருக்கு அறிவுறுத்தினார். காலையில் பீடத்தில் துணுக்குகளைத் திரட்டும் கை, இரவில் வாணலியின் ஓரத்தில் ஒட்டிய பருக்கையையும் திரட்டுவதில் முரண்பாடு ஏதும் இல்லை. ஒன்று மறையுண்மை, மற்றொன்று அம்மறையுண்மை வீட்டிற்குள் நடந்துவரும் வழி.

இச்சிந்தனைகளின் பயனாக நம் பங்கில் ஒரு சிறிய மாற்றம் நிகழ்ந்தது. புனித அந்தோணியார் திருவிழாவின் அசனத்தில், கடைசிப் பந்தி முடிந்தபின் எஞ்சியதை நோயாளர் வீடுகளுக்கும் ஏழைகளின் தெருவிற்கும் கொடுத்தனுப்புவது முன்பு வழக்கமாயிருந்தது. சில ஆண்டுகளில் இறைச்சி தீர்ந்துபோய்க் குழம்பு மட்டும் சென்றதுண்டு; சோறு ஆறிப்போய்ச் சென்றதுண்டு. இப்போது முதல் பந்தி அமர்வதற்கு முன்னரே, வின்சென்ட் தே பவுல் சபையினர் சூடான சோற்றையும் கறியையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றனர். முதல் ஆண்டில் சிலர் முணுமுணுத்தனர். விருந்தினர் அமர்வதற்கு முன் சட்டியில் கை வைப்பதா என்றனர். படுக்கையில் இருப்பவரும் விருந்தினரே என்று அன்பியக் கூட்டங்களில் எடுத்துரைத்தோம். இப்போது முணுமுணுப்பு இல்லை. எல்லாம் முடிந்தபின் அண்டாவில் எஞ்சுவதை, விழாக் குழுவினரும் நாமும் பகிர்ந்து எடுத்துச்செல்கிறோம்.

இல்லங்களிலும் இதனைச் செய்யலாம் அன்பர்களே. ஞாயிறன்று கறிக்குழம்பு கொதித்து இறங்கியதும், வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும், அடுத்த வீட்டில் தனியே வாழும் முதியவருக்கும் உரியதை, நாம் தட்டில் பரிமாறிக்கொள்ளும் முன்பே எடுத்துவையுங்கள். அவர்களுக்கு முதற்பங்கு செல்லட்டும். எஞ்சியது நமக்கு இருக்கட்டும். அதனை விரைவில் ஆறவைத்து, நன்றாக மூடிப் பத்திரப்படுத்தி, திங்களன்று காய்ந்த இரும்பு வாணலியில் இட்டு, நம் பிள்ளைகளுக்கு நாமே மகிழ்வோடு பரிமாறுவோம். அவ்வேளையில் எவரேனும் வாசலில் வந்து நின்றால் இன்னொரு தட்டை வைப்போம். கறிவேப்பிலையை மறவாமல் சேர்த்துக்கொள்வோம்.